புற்றுநோயும் வினையும்

புற்றிடங்கொண்ட பெருமான் எழுந்தருளியுள்ள திருவாரூருக்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ளது வேளாங்கண்ணி. நோயுற்றார் பல சமயத்தினரும் நலம் வேண்டி ஆண்டு வருவர். அவருட் புற்றுநோயாளரும் உளர். அன்னாரைக் கண்டு, 'முன் செய்த வினை, நுகர்கின்றார்' எனக் கூறிக் கடந்து போதல் நம்மவர் சிலர்க்கு வழக்கம். வினையுண்மையை உடன்படும் சைவர் அங்ஙனம் கூறல் தகுமோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் அந்நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஓரணு எப்பொழுது பிளந்து இரண்டாதல் வேண்டும், எப்பொழுது மாய்தல் வேண்டும் என்னும் கட்டளைகள் அதன் மரபணுக்களில் அமைந்துள்ளன. அணுப் பிளக்குந்தோறும் அவை படியெடுக்கப்படும். அதிற் பிழை நேர்தலும், உடம்பே அதனைத் திருத்திக்கொள்ளுதலும் இயல்பு. திருந்தாப் பிழைகள் ஓரணுவின் வழியில் பெரும்பாலும் பல்லாண்டுகளாகச் சேர்கின்றன. பெருக்கத்தைத் தூண்டும் மரபணு ஓயாது தூண்ட, அதனைத் தடுக்கும் மரபணுவும் செயலற்றால், அவ்வணுக்கள் வரம்பின்றிப் பெருகும். தமக்கெனக் குருதிக் குழாய்களை வருவித்துக்கொள்ளும். குருதி வழியும் நிணநீர் வழியும் சென்று பிற உறுப்புக்களிலும் குடிபுகும். புகையிலை, கதிர்வீச்சு, சில நுண்கிருமிகள் முதலியன அப்பிழைகளை மிகுவிக்கும். முன்னோர் வழியாக வருவது சிறுபான்மையே. புறக்காரணம் ஒன்றும் புலப்படாத இளங்குழந்தைகட்கும் இந்நோய் வருதல் உண்டு.

அஃதேல், இவற்றிற்கெல்லாம் மூலம் வினையன்றோ எனின், மறுக்கின்றிலேம். பிராரத்தம் உடம்பொடு நுகரப்படும் என்பதே நம் துணிபு. ஆயினும், எவ்வினை எந்நோயாய் விளைந்தது என்றறிதல் முற்றறிவுடைய இறைவற்கே உரியது. சிற்றறிவினராகிய நாம் அறிந்தார்போற் கூறி, வருந்துவாரை மேலும் வருத்துதல் நமக்கே ஆகாமியமாய் முடியும். திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைப் பற்றிய குளிர்சுரத்தை வினையென்று விட்டிலர். திருநீலகண்டப் பதிகம் அருளித் தீர்த்தனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் வாளா இருந்திலர். 1954-இல் சென்னை அடையாற்றில் அந்நோய்க்கெனவே மருத்துவ நிலையம் கண்டனர். வினை நுகர்விக்கும் இறைவனே மருந்தையும் மருத்துவரையும் கூட்டுவிப்பான் ஆதலின், மருத்துவம் வினைக்கொள்கைக்கு மாறன்று.

இனி, உடம்பை மறந்து தான் ஒன்றே பெருகும் அணு ஆணவத்திற்கு ஓர் உவமையாகலாம். அதுகொண்டு நோயாளரை ஆணவம் மிக்காரென்றல் பெரும்பிழை. உலகமாகிய உடம்பில் உடன் வாழ்வார் துன்பத்தை மறந்து தன்னலமே பேணுவான் எவனோ, அவனே அவ்வணுவை ஒப்பான். ஆதலின், அன்பர்காள், வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணுடையாரைக் காணின், அவர் வினையை ஆராயற்க. கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அதுவே சிவத்தொண்டு என்க.