அமைதியும் மௌனமும்

தமிழில் 'அமைதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பகை நீங்கிய நிலையையும் அமைதி என்கிறோம். ஓசை அடங்கிய நிலையையும் அமைதி என்கிறோம். வகுப்பறையில் ஆசிரியர் 'அமைதி' என்று அதட்டும்போது அவர் வேண்டுவது வாய்மூடலை மட்டுமே. ஊரில் கலகம் மூண்டு அடங்கியபின், 'அமைதி திரும்பிவிட்டது' என்று அதிகாரிகள் அறிவிக்கிறார்களே, அவர்கள் எப்பொருளில் அதனைச் சொல்கிறார்கள்? அடித்தவன் கை ஓய்ந்ததும் அமைதிதான். அடிபட்டவன் வாய் திறக்க அஞ்சுவதும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை, அமைதிக்காக உழைக்கிறோம் என்று நாம் சொல்வதில் பொருளில்லை.

இக்கேள்வியை என்னுள் எழுப்பியது சமுதாய வானொலி பற்றிய ஒரு விதி. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தோன்றியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை வழங்கப்பட்டது. ஏறத்தாழப் பத்துக் கிலோ மீட்டர் சுற்றளவுக்கு மட்டும் எட்டும் குரல் அது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டாரத்திலேயே உருவாக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இன்னொரு விதியும் உண்டு: அந்நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பலாகாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. அதாவது, உலகின் எங்கோ ஒரு மூலையில் நடக்கும் போரைத் தில்லியின் வாயிலாகக் கேட்கலாம். அடுத்த தெருவில் நேற்று நடந்த அநீதியைக் கேட்கலாகாது.

இவ்விதியை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பாரம் விளங்கும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். 2013 ஏப்ரலில் மரக்காணம் பகுதியில் குடிசைகள் எரிந்தன. இவையாவது நாடறிந்தவை. இப்பகுதியில் பரவி வாழும் இருளர்களின் துன்பமோ நாளிதழின் மூலையைக்கூட எளிதில் எட்டுவதில்லை. எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் காட்டோரத்தில் வாழ்ந்த அம்மக்கள், செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்களானார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டினது. சட்டம் சூளையின் வாயிலைத் தாண்டி உள்ளே நுழைய எத்தனை ஆண்டுகளாயின என்பதை அம்மக்களே அறிவர். எங்கேனும் திருட்டு நடந்தால் முதலில் இழுத்துச் செல்லப்படுபவனும் இருளனே. 1996இல் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்ததற்கு இதுவே பின்னணி. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே இருளர் பெண்கள் நால்வர், தங்களைக் காவலர்களே வன்கொடுமை செய்ததாகப் புகார் அளித்தபோது நாடு சற்றுத் திரும்பிப் பார்த்தது. பிறகு வழக்கம்போல் வேறு பக்கம் திரும்பிக் கொண்டது.

இனி ஒரு சிறு வானொலியில் இருளர் ஒருவர் பேசுவதாகக் கொள்வோம். சாதிச் சான்றிதழ் பெற யாரிடம் விண்ணப்பிப்பது என்று அவர் விளக்கினால் அது நலத்திட்ட விளக்கம், தடையில்லை. 'விண்ணப்பித்து நெடுநாளாயிற்று, அலைக்கழிக்கிறார்கள்' என்று அடுத்த வாக்கியத்தைச் சொன்னால் அது செய்தியா, செய்தியில்லையா? விதி இதனைத் தெளிவாகச் சொல்வதில்லை. நிலையத்தாரின் துணிவும் அச்சமுமே அதனை முடிவு செய்கின்றன. பெரும்பாலும் அச்சமே வெல்கிறது. உரிமையின் இலக்கணத்தைச் சொல்லலாம், உரிமை மறுக்கப்பட்ட கதையைச் சொல்லலாகாது என்றால் அந்த இலக்கணத்தால் யாருக்கு என்ன பயன்?

தடைவிதித்தோரின் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. 1993 ஜூலையில் ருவாண்டா நாட்டில் தொடங்கிய 'ஆயிரம் குன்றுகளின் வானொலி' மனிதரைக் கரப்பான் பூச்சிகள் என்று இழித்துரைத்தது; மறு ஆண்டு நூறு நாட்களுக்குள் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டபோது அக்கொலைக்கு வழிகாட்டியது. அதனை நிறுவியோரில் இருவரை 2003இல் பன்னாட்டு நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்த்தது. வதந்தியால் இரத்தம் சிந்திய ஊர்களைக் கண்ட நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அது எளியோரின் கிராம வானொலி அன்று. ஆட்சியில் இருந்தோரின் அரவணைப்பில் வளர்ந்தது. அதே துயரின் அண்டையிலிருந்த புருண்டியில், 1995இல் ஹூட்டு, டுட்சி ஆகிய இரு இனத்துச் செய்தியாளரும் ஓரறையில் அமர்ந்து நிகழ்ச்சி தயாரிக்கும் 'இஜாம்போ' என்ற கூடம் அமைக்கப்பட்டது. நஞ்சுக்கு மாற்று மௌனம் அன்று, சரிபார்க்கப்பட்ட சொல்லே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

சொல்லைச் சரிபார்க்கும் கலை நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தது என்ன? பொய்யான அறிவிப்புகள் மலிந்த காலத்தில், 'இனி யாரும் அறிவிக்கலாகாது' என்று வாயடைக்கவில்லை. அறிவிப்பவர் யார், அவர் நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது, யாரிடமிருந்து கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை உண்மையிலேயே சந்தித்தாரா என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்), நாஃபிஉ (ரஹ்), இப்னு உமர் (ரலி) என்னும் வரிசையைப் பொற்சங்கிலி என்று போற்றுவர். நடுவில் நிற்கும் நாஃபிஉ யார்? உரிமை விடப்பட்ட ஓர் அடிமை! அவர் அறிவிப்பை ஏற்கலாமா என்பதற்கு அவர் பிறப்பு அளவுகோல் ஆகவில்லை, வாய்மையே ஆயிற்று. இந்த நெறியை அறிந்த சமுதாயம், 'சிறிய நிலையம், படிக்காத குரல், ஆகவே செய்தி சொல்லத் தகுதியில்லை' என்னும் வாதத்தை எங்ஙனம் ஏற்கும்?

இதற்கும் மேலான சிக்கல் ஒன்றுண்டு. விதி நாளையே நீங்கினாலும் அது நீங்காது. பத்துக் கிலோ மீட்டர் வட்டத்தில் குரலே முகம். வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் சொல்லி வந்தது. இப்போதைய நியாயச் சட்டமும் சொல்கிறது. பெயரை மறைத்துவிட்டால் நாளிதழில் அவள் மறைந்துவிடுவாள். சிற்றூர் வானொலியில், அவள் வாய் திறந்த முதற் சொல்லிலேயே, 'இது இன்னார் மகள்' என்று கிணற்றடி அறிந்துவிடும். கேட்டுக் கொண்டிருப்போரில் அவளுக்குத் தீங்கிழைத்தவனும் இருப்பான். அவளுக்கு நாளைக் கூலி தருபவனும் இருப்பான். நெருக்கமே இவ்வானொலியின் சிறப்பு. அதுவே அதன் அபாயமும்.

எனவே, 'பேசுக' என்று பாதிக்கப்பட்டவளை வற்புறுத்துவோரிடம் எனக்கு உடன்பாடில்லை, அவர்கள் மனித உரிமையின் பெயரால் வந்தாலும் சரியே. அவள் மௌனமும் அவள் உடைமைதான். பேசுவதா, எப்போது பேசுவது, தன் குரலிலா பிறர் குரலிலா, எவ்வளவு சொல்வது, வேண்டாமென்று இடையில் நிறுத்துவதா என்பவை அவள் முடிவுகள். நிலையத்தார் செய்யத்தக்கது, அவள் பேச நினைக்கும் நாளில் ஒலிவாங்கி திறந்திருக்கும்படி பார்த்துக் கொள்வதும், அதற்கு மறுநாள் அவள் வேலையிழந்தால் உடன் நிற்க யார் இருக்கிறார்கள் என்று முன்னரே கேட்டு வைப்பதுமாகும். இந்த இரண்டாவது பணிக்கு வானொலி போதாது. சங்கம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், அக்கம்பக்கத்தார் வேண்டும்.

அந்த அக்கம்பக்கத்தாரில் நாமும் உள்ளோம். திண்டிவனம், விழுப்புரம் கடைத்தெருக்களில் நம்மவர் கடைகள் உண்டு. இருளர் வந்து அரிசியும் துணியும் வாங்குமிடங்கள் அவை. அவர்களில் ஒருவரைப் பொய் வழக்கில் இழுத்துச் செல்லும்போது, 'அந்நேரம் இவர் என் கடையில்தான் நின்றிருந்தார்' என்று காவல் நிலையத்தில் போய்ச் சொல்லக் கூடியவர் கடைக்காரர். அதற்கு எந்த உரிமமும் அலைவரிசையும் தேவையில்லை.