சாமி கண்ணைக் குத்துமா?

செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போனால் நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். போன அன்றே அக்கா ஒரு பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டாள். அக்கா மகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி இரண்டு வாரம் லீவாம். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயாக வேண்டும். பாட்டிக்கு மூட்டுவலி. மிச்சம் இருந்தது நான்தான்.

பாப்பாவுக்கு ஒரு வயசு பத்து மாசம். ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. சுவரோ சோபாவோதான் அவளை நிறுத்தும். என்னையும் மைலோவையும் ஒரே பெயரில், "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். கையில் குவளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் யாரைத் தேடுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் நாள் என் தெர்மோடைனமிக்ஸ் நோட்டின் மேல் ஒன்றுக்குப் போய்விட்டு, அதைக் காட்டிக் கைதட்டினாள்.

மூன்றாம் நாள் காலை, பாட்டி சாமி மேடையில் ஏற்றிவிட்டுப் போன விளக்கை நோக்கிக் கையை நீட்டினாள். நான் சோபாவில் இருந்தேன், கையில் போன். "பாப்பா! தொட்டா சாமி கண்ணைக் குத்திடும்!" என்று கத்தினேன். யோசித்துச் சொன்னது இல்லை. சின்ன வயசில் எனக்குச் சொன்னது அப்படியே வாயில் வந்துவிட்டது.

கையை இழுத்துக்கொண்டாள். பிள்ளையார் படத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வயசு வாக்கிலேயே குழந்தைகள் புதிதாக எதையாவது கண்டால், பயப்படலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அவள் பார்த்தபோது என் முகம் "ஆமாம், குத்தும்" என்றுதான் சொல்லியிருக்கும்.

வினை என்னவென்றால், அது நன்றாக வேலை செய்தது. சோறு துப்பினால் சாமி. பிளக் பக்கம் போனால் சாமி. என் போனை எடுத்தால்கூட சாமி. நான் சோபாவை விட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். தீபாராதனை. மணி அடித்தது, திரை விலகியது, எல்லோரும் கை கூப்பினார்கள். அத்தான் தோளில் இருந்த பாப்பா இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். "பாரேன், எவ்வளவு பக்தி!" என்று பக்கத்தில் இருந்த ஓர் அம்மா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. தரிசனம் என்றால் பார்ப்பது. நாங்கள் பார்க்க வந்த இடத்தில் அவள் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தாள்.

அன்று இரவு அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அப்பா விடவில்லை. "ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்கு நீ என்ன லெக்சர் குடுக்கப் போறியா? கை சுட்டுக்கிட்டா பரவாயில்லையா? நல்லது நடக்கும்னா பொய்யும் உண்மை மாதிரிதான்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு" என்றார். உண்மைதான், வாய்மை அதிகாரத்தில் அந்தக் கருத்து இருக்கிறது. ஆனால் அந்த நன்மையில் ஒரு குற்றமும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறதே? விளக்கு விஷயத்தில் அப்பா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அவள் கை சுடவில்லை. ஆனால் அன்று எழுந்து போய்த் தூக்கியிருந்தாலும் சுட்டிருக்காது, நாலு எட்டு தூரம்தான். நான் காப்பாற்றியது அவள் கையை மட்டுமா, என் சோம்பேறித்தனத்தையும் சேர்த்தா? போனுக்கும் சோற்றுக்கும் சொன்ன பொய்க்கு வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை.

பிளக் விஷயத்தையே பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று துளை சாக்கெட்டில், மேலே உள்ள நீளமான எர்த் முள் உள்ளே போனால்தான் கீழ் இரண்டு துளைகளின் மூடி திறக்கும். சின்ன விரலோ ஊசியோ உள்ளே போகக்கூடாது என்பதற்காகச் செய்தது. (நாம்தான் ஹாஸ்டலில் பேனா மூடியால் அதை ஏமாற்றி இரண்டு முள் சார்ஜரைச் செருகுகிறோம். செய்யாதீர்கள்.) அதை வடிவமைத்தவர் எந்தக் குழந்தையையும் பயமுறுத்தவில்லை. பிள்ளைக்குப் புத்தி வரும்வரை கவனமாக இருக்க வேண்டியது பெரியவர்கள்தான் என்று வைத்து வேலை செய்திருக்கிறார்.

இன்னொன்றும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. நம்மிடம் சாமியையும் கண்ணையும் சேர்த்துச் சொல்லும் கதை ஏற்கனவே ஒன்று இருக்கிறது. காளத்தியில் லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வந்தபோது திண்ணன் தன் கண்ணைத் தோண்டி அப்பினார். இன்னொரு கண்ணிலும் ரத்தம் வர, மிச்சமிருந்த கண்ணையும் எடுக்கப் போனார். அப்போது கையைப் பிடித்துத் தடுத்தது சிவன். தேவார வகுப்பில் எத்தனை தடவை கேட்ட கதை! அப்படிப்பட்ட சாமியைத்தான் நான் ஒரு வாய் சோற்றுக்காகக் கண்ணைக் குத்துகிறவர் ஆக்கிவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன். போன செமஸ்டர் ஒரு பேப்பருக்கு முன் போக முடியவில்லை, இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. பிள்ளையார் மேல் உள்ள அன்பினால் வராத தூக்கம் இல்லை அது. ஃபெயில் பண்ணிவிடுவாரோ என்ற பயம். இருபத்திரண்டு வயசில் நானும் ஒரு வகையில் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறேன் போலும். எனக்கு யார் முதலில் சொன்னார்கள் என்று நினைவில்லை. பாப்பாவுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்த நாட்களில் தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். அவள் கையை விளக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "சூடு" என்றேன். "சூது" என்றாள். பூவை அவள் கையாலேயே வைக்கச் சொன்னேன். நாலாவது நாள் ஒரு பூ பிள்ளையாருக்கு, ஒரு பூ அவள் வாய்க்குள். ஆனாலும் படத்துக்கு நேராகக் கொண்டுபோனால் ஒரு கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. நான் திரும்பி வரும் வரைக்கும் அது நிற்கவில்லை.

விளக்கை இப்போது மேல் தட்டில் வைத்திருக்கிறோம். பாப்பா ஏன் கண்ணைப் பொத்துகிறாள் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் மாசாமாசம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அக்கா, படித்துவிட்டுப் போன் பண்ணு. திட்டு வாங்கத் தயாராகத்தான் இருக்கிறேன்.