செங்கல்லும் சம்மதமும்

யந்திரம் பழுதாவது நமக்குப் பழகிப்போன அனுபவம். தேய்மானம், ஈரம், தூசி, கைதவறல் என்று காரணம் எதுவானாலும் அது யந்திரம் இருக்கும் அறைக்குள்ளேயே எங்கோ இருக்கிறது. தேடினால் அகப்படும். ஆனால் நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு யந்திரம், அதை மேம்படுத்துவதற்கென்றே தொலைவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்ட காரணத்தாலேயே செத்துக் கிடக்கிறது என்றால் அந்தப் பழுதை எந்த வகையில் சேர்ப்பது? கெடுத்தது யார்? இது ரிப்பேர்க்காரர் தீர்த்துவிடக்கூடிய விஷயம் மட்டும்தான் என்று எனக்குப் படவில்லை. சம்மதம் என்ற சொல்லின் அர்த்தமே இதில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

உதாரணத்தை ஸ்தூலமாகவே வைத்துக்கொள்வோம். ஸோனி நிறுவனம் 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 3. டெலிவிஷனோடு இணைத்து விளையாடும் பெட்டி. விளையாட்டு தட்டில் வருகிறது. ஆனால் பெட்டியை விழிக்கச் செய்வதும், தட்டைப் படிக்கச் சொல்வதும், கையிலுள்ள கன்ட்ரோலரை அடையாளம் காணச் செய்வதும் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு கட்டளைத் தொகுதி. ஃபர்ம்வேர் என்று பெயர். இதை நிறுவனம் அவ்வப்போது மாற்றி எழுதி நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. 2013 ஜூனில் 4.45 என்ற எண்ணுள்ள அப்டேட் வெளியாயிற்று. அதை ஏற்றுக்கொண்ட பெட்டிகளில் ஒரு பகுதி, மெனு வரைக்கும்கூட வர முடியாமல் நின்றுவிட்டன. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றது தன் கிடங்கிலிருந்துதான், ஏற்கனவே விழுங்கிவிட்ட பெட்டிகளிலிருந்து அல்ல. அதே மாதக் கடைசியில் 4.46 வந்தது.

இப்படி அசைவற்றுப்போன பெட்டியை அந்த உலகத்தின் பரிபாஷையில் ‘செங்கல்’ என்கிறார்கள். சரியான சொல். ஆனால் செங்கல்லையாவது வைத்துச் சுவர் எழுப்பலாம்.

செங்கல்லை மீண்டும் யந்திரமாக்க ஒரு முறை இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துப் பெட்டி ஒருமுறை அணையும் வரை காத்திருக்க வேண்டும். மறுபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு சிறு ஒலிகள் அடுத்தடுத்துக் கேட்டதும் விரலை எடுக்க வேண்டும். கன்ட்ரோலரை வயர் மூலம் இணைத்தால், சேஃப் மோட் எனப்படும் கறுப்புத் திரையில் ஆறு வழிகள் தோன்றும். முதலாவது, வெறுமே மறுபடி துவக்குவது. இரண்டாவது, அமைப்புகளை ஆதி நிலைக்குக் கொண்டுபோவது. மூன்றாவது, கோப்பு முறையைச் சீர்படுத்துவது. நான்காவது, தகவல் அட்டவணையைத் திரும்பக் கட்டுவது. ஐந்தாவது, டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஆறாவது, அப்டேட்டை மீண்டும் போடுவது.

இந்த வரிசையில் முதல் ஐந்தும் எனக்குப் பிடித்திருக்கின்றன. குறைந்த இழப்பிலிருந்து கூடிய இழப்புக்கு, படிப்படியாக. ஒரு நல்ல வைத்தியனின் நிதானம் இதில் இருக்கிறது. விபரீதம் ஆறாவதில்தான். எது கெடுத்ததோ அதன் அடுத்த எண்ணை ஒரு பென் டிரைவில், அதற்கென்று விதிக்கப்பட்ட பெயருள்ள ஃபோல்டருக்குள் வைத்து மறுபடி ஊட்ட வேண்டும். நேற்று நன்றாக ஓடிய முந்தைய எண்ணைப் போட முடியாது. யந்திரம் மறுத்துவிடும். நோய்க்கு மருந்து உண்டு, நோய்க்கு முந்தைய ஆரோக்கியத்துக்குப் போக மட்டும் வழி இல்லை.

இந்தத் தேடலில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பழுது பார்க்கும் குறிப்புகள் எல்லாமே பெட்டியின் சொந்தக்காரனை விசாரிப்பவை. நடுவில் மின்சாரத்தை நிறுத்தினாயா? டிஸ்க்கை மாற்றினாயா? வயர் சரியாகச் செருகியிருக்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியே நியாயமானதுதான், காரணத்தை அப்படித்தான் சலித்தெடுக்க வேண்டும். ஆனால் பத்துக் கேள்விகள் முடிவதற்குள் மனுஷன் குற்றவாளிக் கூண்டில் நிற்க ஆரம்பித்துவிடுகிறான். தான் ஏதோ செய்துவிட்டதாகவே அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் பட்டனை அழுத்தினான்.

ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் சுத்தியலைப் பற்றிப் பேசுகிறார். வேலை நடக்கும்போது சுத்தியல் நம் பிரக்ஞையில் இல்லை, பழுதானால்தான் அது ஒரு பொருளாக எதிரே வந்து நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நம் சிற்றேடுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் விஷயம்தான். ஆனால் அந்தச் சுத்தியல் தச்சன் கையில் உடைகிறது. காம்பைச் செதுக்கிப் பொருத்த அவனுக்குத் தெரியும். செங்கல்லாகிவிட்ட பெட்டியோ உடைந்த பிறகும் மௌனமாகவே இருக்கிறது. அது உடையும்போது நம் முன் வந்து நிற்பது பொருள் அல்ல, ஓர் உறவு. வாங்கிய அன்றோடு கைமாறிவிட்டது என்று நாம் நம்பிய சாமான், உண்மையில் இன்னொருவர் கையிலிருந்து முழுவதுமாக விடுபட்டிருக்கவே இல்லை.

இதைத் தற்செயலான பிழை என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா? 2013இல் நடந்தது பிழைதான். வேண்டுமென்று யாரும் செங்கல் சுடவில்லை. ஆகவே வேண்டுமென்றே செய்யப்பட்ட ஒன்றையும் பார்க்க வேண்டும்.

ஆரம்பகால பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளும் வசதியை நிறுவனமே கொடுத்திருந்தது. விளையாட்டுப் பெட்டி ஒரு கம்ப்யூட்டராகவும் ஆயிற்று. அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் 1,700க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கோத்து ஒரு பெரிய கணக்கிடும் யந்திரமே அமைத்தது. 2010 ஜனவரியில் ஓர் அமெரிக்க இளைஞர் இந்த வாசல் வழியாகப் பெட்டியின் காவலை மீறிவிட்டதாக அறிவித்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வந்த 3.21 அப்டேட் வாசலையே அடைத்துவிட்டது. பாதுகாப்பு என்பது சொல்லப்பட்ட காரணம்.

கட்டாயம் எதுவும் இல்லை. வேண்டாம் என்பவர் அப்டேட் போடாமலே இருக்கலாம். ஆனால் அவர் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, பிறரோடு விளையாட முடியாது, இந்த எண்ணையோ இதற்குப் பிந்தையதையோ கோரும் புதிய விளையாட்டுகளும் புளூ-ரே படங்களும் ஓடா. போட்டால் ஒன்று போகும், போடாவிட்டால் மற்றொன்று போகும். இரண்டுமே பணம் கொடுத்து வாங்கியவை. வழக்கு நடந்தது. பெட்டி ஒன்றுக்கு 55 டாலர் வரை என்று 2016இல் பேசி முடித்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018இல் 37.5 லட்சம் டாலர் நிதியோடு சமரசமாயிற்று. எட்டு வருஷம்.

1748இல் எழுதிய ஒரு கட்டுரையில் டேவிட் ஹ்யூம், அரசின் ஆளுகைக்குள் வசிப்பதே அரசுக்குத் தந்த சம்மதம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்கிறார். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டுவிட்ட ஒருவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருக்கிறான் என்பதால் காப்டனின் அதிகாரத்துக்கு அவன் மனமுவந்து இசைந்தான் என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். இங்கே யாரும் சாகப்போவதில்லை என்பது உண்மை. கடையில் காசு கொடுத்து வாங்கியவன் தூங்கிக்கொண்டும் இருக்கவில்லை. ஆனால் அதனாலேயே அவன் நிலை ஒருவிதத்தில் மோசம். அவன் டிக்கெட் வாங்கி ஏறியவன். நடுக்கடலில் நிபந்தனை மாறுகிறது. மறுத்தால், ஏறும்போது இருந்த நிலைமைக்குக்கூடத் திரும்ப முடியாது.

என் அளவுகோல் இதுதான்: மறுக்கிறவனை அவன் ஏற்கனவே இருந்த இடத்தில் இருக்க விட்டால்தான் மற்றவன் தருவது சம்மதம். மறுப்புக்குத் தண்டனை உண்டென்றால் கிடைப்பது வெறும் பணிவு.

எதிர்த்தரப்பில் வலுவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெட்வொர்க் என்பது பொதுக் கிணறு. ஒருவர் பெட்டியில் உள்ள ஓட்டை அவரோடு நிற்பதில்லை. திருட்டு விளையாட்டும் மோசடியும் அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுக்கும். காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஏப்ரலே சாட்சி. அப்போது இதே நெட்வொர்க்கில் 7.7 கோடிக் கணக்குகளின் தகவல்கள் களவாடப்படும் அபாயத்துக்குள்ளாகி, மூன்று வாரத்துக்கு மேல் அது மூடிக் கிடந்தது. பாங்கில் வேலை பார்க்கும் நான் பாதுகாப்பைப் பரிகாசம் செய்ய முடியாது. ஆனால் களவு நடந்தது நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில், வீட்டில் இருந்த பெட்டிகளில் அல்ல. கிணற்றைக் காப்பது வேறு, காவலின் பேரால் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக் கதவையும் அடைப்பது வேறு. நெட்வொர்க்குக்கு வராதவனின் பழைய பெட்டியைப் பழையபடி இருக்கவிடலாம்.

ஆனால் போக்கு மறுதிசையில்தான் இருக்கிறது. 2017இல் வந்த நின்டென்டோ ஸ்விட்சின் சில்லுக்குள் மிக நுண்ணிய ஃப்யூஸ்கள் இருக்கின்றன. முக்கியமான அப்டேட் வரும்போது ஒன்று எரிக்கப்படுகிறது. பழைய ஃபர்ம்வேரைப் போட்டால், அது விழித்ததும் எரிந்த ஃப்யூஸ்களை எண்ணிப் பார்க்கும். தனக்கு உரிய எண்ணிக்கையைவிடக் கூடுதலாக எரிந்திருந்தால் இயங்காது. எரிந்ததை ஒட்டவைக்க முடியாது. தன் இறந்தகாலத்தைத் தானே எரித்துக்கொள்ளும் யந்திரம்! மைக்ரோஸாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360இலும் முன்பே இதே யுக்தி இருந்தது.

என் தொழிலில் இதற்கு நேர்மாறான ஒரு தர்மம் உண்டு. எங்கள் கிளையின் பின்னறையில் பழைய கைப்பேரேடுகள் சில இன்னும் கிடக்கின்றன. அவற்றில் தவறாக எழுதிய தொகையை யாரும் சுரண்டி அழித்திருக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறார்கள். அடித்தது கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிகிறது. இன்று எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாலும் விதி மாறவில்லை. தவறான பதிவை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். இரண்டும் கணக்கில் நிற்கும். தவறு நடந்தது, அதை இன்னார் இன்ன தேதியில் திருத்தினார் என்பதும் கணக்கின் ஒரு பகுதி. திருத்துகிறவனின் அடக்கம் இது. தானும் தவறக்கூடும் என்று முன்கூட்டியே அவன் ஒப்புக்கொள்கிறான். திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டு வரும் திருத்தத்தில் இந்த அடக்கம் இல்லை. அது திருத்தம் அல்ல, ஆணை.

விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு தர்க்கமா என்று வாசகர் கேட்கலாம். ஒரு பெட்டி போனால் போகட்டும். அழுத்துகிற விரலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. படிக்காமல் ஒப்புக்கொள்ளவும், ஒப்புக்கொண்டதால் கெட்டதைத் தன் தவறாகவே ஏற்கவும் அது பழகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பழக்கம் விளையாட்டோடு நிற்காது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கௌண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். கடன் பத்திரம் வரும். பக்கம் பக்கமாக நுண்ணெழுத்து. நிபந்தனைகளை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று அதில் ஓரிடத்தில் இருக்கும். எதிரே நிற்பவர் கண்ணாடியைத் தேடுவார். பின்னால் வரிசை நிற்கும். நான் பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி போட்டு, “இங்கே, இங்கே, இங்கே” என்று காட்டுவேன். ஒருநாள் வயதான ஒருவர், “இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?” என்று கேட்டார். “எல்லாருக்கும் இதேதான் ஐயா, பயப்பட ஒண்ணுமில்ல” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் அதில் இல்லை.