மௌனம் சம்மதமா? நிரல்மொழிகளும் பயனர் அமைவுக் கோப்புகளும்

நிரல்மொழியைப் பயன்படுத்துபவர் தம் விருப்பங்களை எழுதிவைக்கும் கோப்பு, பயனர் அமைவுக் கோப்பு. எந்த நூலகங்களை முன்கூட்டியே ஏற்ற வேண்டும், எண்களை எத்தனை இலக்கத்தில் காட்ட வேண்டும் என்பன போன்றவை அதில் இருக்கும். பல மொழிகளில் இக்கோப்பும் ஒரு நிரலே. ஆகவே அது தானாக இயங்கலாமா, அழைத்தால் மட்டும் இயங்க வேண்டுமா என்ற கேள்வி சம்மதத்தின் இலக்கணத்தைப் பற்றிய கேள்வியும் ஆகிறது: ஒருவர் எழுதிய நிரலுக்குள் இன்னொருவரின் கட்டளை எந்த உரிமையில் நுழைகிறது?

புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் மொழி, அமைவுக் கோப்பைத் தானாகவே படிக்கிறது. வேண்டாதவர்தான் அதை விலக்கச் சொல்ல வேண்டும். 2020இல் வெளிவந்த 4.0.0 பதிப்புக்கு முன், அட்டவணையில் உள்ள சொற்களை அம்மொழி இயல்பாகவே வகைப்பாட்டுக் குறியீடுகளாக மாற்றிவிடும். அதைத் தம் அமைவுக் கோப்பில் நிறுத்தி வைத்தவரின் கணினியில் ஒரு விதமாக நடந்த நிரல், சக ஆய்வாளரின் கணினியில் வேறு விதமாக நடக்கலாம். நிரலில் ஓர் எழுத்தும் மாறியிராது.

பைத்தான் வேறு வழியில் சென்றது. பயனர் குறிப்பிடும் தொடக்கக் கோப்பு, அவர் நேரடியாக மொழியுடன் உரையாடும்போது மட்டுமே இயங்கும். பைத்தான் 2இல் 'யூசர்' என்றொரு மாட்யூல் இருந்தது. ஒரு நிரல் அதை வெளிப்படையாக இறக்குமதி செய்தால்தான் பயனரின் கோப்பு படிக்கப்படும். பாதுகாப்பு முக்கியமான நிரல்களும் பொதுப் பயன்பாட்டு மாட்யூல்களும் அதை அழைக்கக் கூடாது என்று அதன் ஆவணமே எச்சரித்தது. 2008இல் வந்த பைத்தான் 3.0இல் அது நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில், பயனரின் தனி அடைவில் வைத்தால் தானாக ஏறும் வேறொரு கோப்புக்கு இடம் தரப்பட்டது. 2014இல் வந்த 3.4 பதிப்பு, பயனரின் அமைவுகள் எதுவும் தீண்டாதபடி நிரலை இயக்கும் தனித்த முறையைத் தந்தது.

சொல்லாத சம்மதம் செல்லுமா என்பது பழைய வழக்கு. ஒரு நாட்டின் நிலத்தை அனுபவிப்பவர் அதன் ஆட்சிக்கு மறைமுகமாக இசைந்தவரே என்று 1689இல் ஜான் லாக் வாதிட்டார். உறங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்காமல் இருப்பதை இசைவாகக் கொள்ள முடியுமா என்று 1748இல் டேவிட் ஹ்யூம் மறுத்தார். அமைவுக் கோப்புகளில் ஹ்யூமின் வாதமே வெல்கிறது. கோப்பை எழுதிய பயனர் தம் வேலைக்கு மட்டுமே இசைந்திருக்கிறார். அப்படியொரு கோப்பு இருப்பதே நிரலாசிரியருக்குத் தெரியாது. முடிவை நம்பிப் படிக்கும் மூன்றாமவரை யாரும் கேட்கவில்லை.

கணினி பயனருடையது, அதில் நடப்பதை மாற்றும் உரிமையும் அவருடையதே என்பது வலுவான எதிர்வாதம். கட்டற்ற மென்பொருள் இயக்கம் போற்றும் சுதந்திரமும் அதுதான். ஆனால் வெளிப்படையான அழைப்பு அந்த உரிமையைப் பறிப்பதில்லை. நிரலைத் திறந்து மாற்ற அவருக்கு எப்போதும் வழி உண்டு, அந்த மாற்றம் பிறர் கண்ணுக்கும் தெரியும். கண்ணில் படாமல் தானே இயங்கும் கோப்போ, பல ஆண்டுகளுக்குப் பின் அதை எழுதியவரையே ஏமாற்றக்கூடும்.

எல்லா அமைவும் ஒரே எடை உடையதன்று. திரையின் நிறமும் வரவேற்புக் குறியும் தோற்றத்தை மட்டும் தொடுபவை. பயனரின் விருப்பமே அவற்றுக்குப் போதும். விளைவைத் தொடும் அமைவுக்கு நிரலிலேயே எழுதப்பட்ட அழைப்பு வேண்டும். அப்போதுதான் நிரலைப் படிப்பவர், அது என்ன செய்யும் என்பதையும் அறிவார்.