சொல்லாமல் விட்ட கணக்கு

பத்துத் தொழில்களில் பணம் போட்டு, அவற்றில் ஆறோ ஏழோ நசிந்துபோகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்து, மிஞ்சியவற்றுள் ஒன்றே ஒன்று அபாரமாகப் பெருகி மற்ற நஷ்டங்களையெல்லாம் ஈடுசெய்துவிடும் என்ற எதிர்பார்ப்பிலேயே ஜீவனம் நடத்துகிற ஒருவர், அந்தப் பத்துத் தொழில்களையும் தொடங்கும் இளைஞர்களிடம் தனித்தனியே, ‘உம்மால் ஆகும், வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கும்’ என்று சொல்வது தர்மந்தானா? தொழில்நுட்பத் துறையில் ஆரம்ப நிலையிலேயே மூலதனம் தருகிற துணிகர முதலீட்டாளரின் உத்தியோகத்தைப் பற்றி எழும் சந்தேகங்கள் பலவானாலும், அவற்றுக்கெல்லாம் வேராக நிற்பது இதுவே. அடையாறிலும் தரமணியிலும் அந்த உத்தியோகம் இன்று மிகுந்த மதிப்புக்கு உரியதாகிவிட்டபடியால், அதன் நியாய அநியாயங்களை நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

துணிகர முதலீட்டாளர் கையாளுவதும் பெரும்பாலும் பிறர் தந்து திரட்டிய நிதியே. பிறர் பணத்தைக் கையாளுவதில் எத்தகைய ஒழுக்கம் வேண்டும் என்பதைச் சென்னை நகரம் அடிபட்டே கற்றது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் முறிந்தபோது, அதை மலைபோல் நம்பித் தங்கள் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நிலைகுலைந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் பிரயத்தனத்தால் மறு ஆண்டே இந்தியன் வங்கி தோன்றிற்று. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் ஹிந்து பர்மனென்ட் பண்டிலேயே, போட்ட வைப்புத்தொகை திரும்பவில்லை என்று 2024இல் முதியவர்கள் போலீசாரிடம் முறையிட நேர்ந்ததை எண்ணினால், அந்தப் பாடம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் துணிகர முதலீட்டில் இந்த வகைத் தீமைக்கு இடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, துணிகர முதலீட்டு நிதியொன்றில் சேர விரும்புகிறவர் சாதாரணமாக ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாமல் போட வேண்டும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மாட வீதி முதியவர் வழி தவறியும் அதற்குள் நுழைய முடியாது. பணம் போடுகிறவரைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்றிருக்கிறது. உழைப்பைப் போடுகிறவரைக் காப்பது யார் என்பதுதான் எஞ்சி நிற்கிறது.

இந்த முதலீட்டின் நன்மை அற்பமானதன்று. புதிய முயற்சிக்கு வங்கியில் கடன் கேட்டால், பெரும்பாலும் ஈடு கேட்பார்கள். ஈடு என்றால் தகப்பனார் கட்டிய வீடு. தொழில் கெட்டால் வீடும் போகும். கடன் வட்டியோடு மகனைத் துரத்தும். துணிகர மூலதனமோ கடனன்று, பங்கு. தொழில் முழுகினால் பணம் போட்டவரும் உடன் முழுகுகிறாரேயன்றி, வாசலில் வந்து நின்று வசூல் செய்வதில்லை. கடனுக்கு அஞ்சியே தலைமுறை தலைமுறையாகச் சம்பள உத்தியோகத்தில் ஒடுங்கிவிட்ட நடுத்தரக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விமோசனம்! சென்னை ஐ.ஐ.டி.யில் 2017இல் உருவான அக்னிகுல் நிறுவனத்தார், தாங்கள் செய்த ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட முடிந்ததென்றால், ஆண்டுக்கணக்கில் வருமானமே இல்லாத அம்முயற்சிக்கு முன்வந்து பணம் போட்டவர்கள் இருந்ததுவும் அதற்கு ஒரு காரணம். 2010இல் சென்னையில் தோன்றிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனிக்கு மறு ஆண்டிலேயே ஆக்ஸெல் என்ற துணிகர முதலீட்டு நிறுவனம் பத்து லட்சம் டாலர் தந்தது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியபோது ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். இவற்றைக் கண்டும் இத்தொழிலைச் சூதாட்டம் என்று ஒதுக்குவது விவேகமாகாது.

தோல்வி நேர்வது அதர்மமன்று. அதர்மத்துக்கு வழி திறப்பது கணக்கு. இருநூறு கோடி ரூபாய் நிதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டு முடிவில் அது மூன்று மடங்காகித் திரும்ப வேண்டும் என்று பணம் போட்டவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதாவது அறுநூறு கோடி. ஒவ்வொரு கம்பெனியிலும் அந்நிதிக்குக் கடைசியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிஞ்சுமானால், எல்லாக் கம்பெனிகளுமாகச் சேர்ந்து நாலாயிரம் கோடிக்கு விலைபோக வேண்டும். இந்த நிலையில், எட்டு ஆண்டு பாடுபட்டு, ஐம்பது அறுபது குடும்பங்களுக்குச் சோறு போட்டு, மிதமான லாபத்தில் ஒழுங்காக நடந்து, நாற்பது கோடிக்கு விலைபோகக்கூடிய ஒரு கம்பெனி அந்நிதிக்குத் தருவது ஆறு கோடிதான். வேண்டிய தொகையில் நூற்றில் ஒரு பங்கு. தியாகராய நகரில் ஒரு வணிகர் இதை வாழ்நாள் சாதனையாகக் கருதுவார். நிதியின் கணக்கிலோ இது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆகையால், சிறிதாக நிலைத்து நிற்கக்கூடிய தொழிலையும், ‘இன்னும் வேகம், இன்னும் ஆட்கள், இன்னும் விளம்பரம்’ என்று உந்தி, பெரிதாக வேண்டும் அல்லது அழிய வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் நிர்ப்பந்தம் முதலீட்டாளருக்கு ஏற்படுகிறது. அவருடைய ஆபத்து பத்தாகப் பிரிந்து கிடக்கிறது. நிதியைப் பராமரிக்க ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம் கட்டணமும் வந்துகொண்டிருக்கிறது. இளைஞனுக்கோ இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரையுள்ள வயது ஒன்றே ஒன்று; அதைப் பத்தாகப் பிரிக்க ஒருவராலும் ஆகாது.

முதலீட்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு ஷரத்து உண்டு. கம்பெனி விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்ட தொகையை முதலில் எடுத்துக்கொள்வார் என்பது அது. உதாரணமாக, முதலீட்டாளர் ஐந்து கோடி போட்டு நூற்றுக்கு இருபது பங்கு வாங்கியிருக்கிறார்; கம்பெனி ஆறு கோடிக்கு விலைபோகிறது; ஐந்து கோடி அவருக்கு, மிச்சம் ஒரு கோடி மற்ற எல்லாருக்கும். ரொக்கம் தந்தவர் முதலில் எடுப்பதில் அநீதியில்லை. ஆயினும், குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து, ‘பங்கு தருகிறோம்’ என்ற வார்த்தையை நம்பி ஐந்தாண்டு உழைத்த பொறியாளரிடம், எந்த விலைக்குக் கீழே போனால் அந்தப் பங்குக்கு ஏறக்குறைய மதிப்பே இராது என்பதை எடுத்துச் சொல்லுகிறவர் அரிதினும் அரிது.

வயது வந்தவர்கள், படித்தவர்கள், தெரிந்துதானே கையொப்பமிட்டார்கள் என்று சமாதானம் கூறலாம். ஷரத்தின் வாசகம் தெரிந்திருக்கலாம். முதலீட்டாளரின் மனத்திலுள்ள கணக்கு தெரியாது. வேண்டாமென்று மறுக்கவும் ஒருவன் அதை அறிந்திருக்க வேண்டுமல்லவா? 1996இல் தொடங்கிய ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி துணிகர முதலீட்டை நாடாமலேயே உலகெங்கும் வியாபாரம் செய்யும் அளவுக்கு வளர்ந்தது. ரங்கநாதன் தெரு வணிகர்கள் பலர் வந்த லாபத்தைத் திரும்பக் கடையிலேயே போட்டு வளர்ந்தவர்கள். அந்த மார்க்கமும் உண்டென்று தெரிந்து இந்த மார்க்கத்தைத் தேர்ந்தால்தான் அது சம்மதம்.

ஆகவே, ஆறேழு பேர் தோற்பார்கள் என்று அறிந்தும் பத்துப் பேருக்குப் பணம் தருவது பாவமன்று. அந்த அறிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஜயிக்கப்போகிற ஒருவனாகவே நம்பவைப்பதுதான் பாவம். சிறிதாக வாழ விரும்பும் கம்பெனியைச் சிறிதாகவே வாழவிட்டு நியாயமான விலைக்குப் பங்கைத் திருப்பிக் கொடுப்பதும், மூடவேண்டி வந்தால் ஊழியரின் சம்பளபாக்கி தீரும் அளவுக்குப் பணம் மீதியிருக்கும்போதே மூடச்சொல்வதும் முதலீட்டாளருக்கு உரிய கடமைகள்; இவற்றைச் செய்யாதவர் எத்தனை கம்பெனிகளை உயர்த்தியிருந்தாலும் அவருடைய உத்தியோகத்தை நேர்மையானதென்று சொல்ல இயலாது. தொழில் தொடங்கப் புறப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: கையொப்பமிடுமுன், ‘எங்கள் கம்பெனி எவ்வளவுக்கு விலைபோனால் உங்களுக்குத் திருப்தி?’ என்று முதலீட்டாளரைக் கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை எழுதி வாங்கி, வீட்டாரிடமும் உங்களோடு வேலைக்கு வருகிறவர்களிடமும் காட்டுங்கள்.