ஏராவை ஒட்டிய பள்ளம்



ஏப்ரல் 15 அன்று தொடங்கிய 61 நாள் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. கரையேற்றிய விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. அணியத்தில் மாதா பெயரையும் புதிதாக எழுதியாயிற்று. போட்டை மந்திரிக்க வரச்சொல்லிச் சம்மாட்டிமார் பலர் கேட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு வருகிறேன். ஆனால் இன்று, பெயிண்ட் படாத ஓர் இடத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

இன்ஜினுக்குக் கீழே, படகின் அடிமரமான ஏராவை ஒட்டி இருக்கும் பள்ளம்தான் அது. சாப்ட் வழியாக ஊறும் உப்புத்தண்ணீர், கேஸ்கட் ஓரமாகக் கசியும் ஆயில், குழாய் மூட்டில் சொட்டும் டீசல், எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மேலே நின்று பார்த்தால் கறுப்பாக, அசையாமல் கிடக்கும். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினால் மீன் செதில் வரும், அறுந்த வலைநூல் வரும், பீடித்துண்டும் பாக்கு உறையும் வரும். பம்பின் சல்லடையை அடைப்பவை இவைதான். நடுக்கடலில் தண்ணீர் ஏறும் நேரத்தில் பம்ப் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்கும். தண்ணீர் மட்டும் வெளியே போகாது. ஒரு பாக்கு உறைக்காக ஐந்தாறு பேர் உயிர் ஊசலாட வேண்டுமா?

இன்றைய நற்செய்தி லூக்கா 5ஆம் அதிகாரம். ஆண்டவர் கெனசரேத்து ஏரிக்கரையில் நிற்கிறார். மீனவர்கள் படகைவிட்டு இறங்கி வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் பாடுபட்டும் ஒரு மீன்கூடப் படவில்லை. மீனே படாத வலையை எதற்காக அலச வேண்டும் என்று கடல் தெரியாதவர் கேட்கலாம். நீங்கள் கேட்க மாட்டீர்கள். வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் அந்த வேலையைச் செய்கிற சீமோனின் படகில்தான் ஆண்டவர் ஏறுகிறார்.

அந்த ஏரி 1986இல் வறட்சியால் வற்றியபோது, கினோசர் என்ற ஊரருகே சேற்றுக்குள் ஒரு பழைய மீன்பிடிப் படகு கிடைத்தது. ஏறக்குறைய ஆண்டவர் வாழ்ந்த காலத்துப் படகு. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். பத்துக்கும் மேற்பட்ட வகை மரங்கள் அதில் இருந்தன. எங்கெங்கோ கிடைத்த பலகைகளை வைத்து ஒட்டுப்போட்டு, திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள். நம் தாத்தாமார் வள்ளத்தை வைத்துப் பிழைத்ததுபோலத்தான். ஆண்டவர் தேடிப்போய் ஏறியவையும் இப்படிப்பட்ட படகுகளே.

சீமோனின் படகில் அடுத்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். ஆண்டவர் சொன்னபடி மறுபடி வலை போட்டதும், மீன் பாரத்தால் படகு மூழ்கப் போகிறது. மீனும் தண்ணீருமாகக் கிடந்த அந்தத் தளத்திலேயே சீமோன் பேதுரு முழந்தாளிட்டு, தான் பாவி என்று சொல்கிறார். கரைக்கு வந்து, குளித்து, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு சொல்லலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை.

டிரைவர் தம்பிமாருக்கு இது தெரியும்: சாப்ட் கிளாண்டை ஒரு சொட்டும் வராதபடி முறுக்கினால் சூடேறி சாப்டே தேய்ந்துபோகும். கடலில் ஓடும் போட்டுக்குள் தண்ணீர் ஊறாமல் இருக்காது. அதுபோல, பாவம் என்னை எட்டவே எட்டாது என்று நம்மில் யாரும் மார்தட்ட முடியாது. உள்ளே வந்ததைப் பலகை போட்டு மூடிவிட்டு, வருஷக்கணக்கில் அதன் மேலேயே நின்று பிழைப்பு நடத்துகிறோமே, அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். பங்குக்காசில் குறைத்துக் காட்டிய கணக்கு, அண்ணன் தம்பிக்குள் நின்றுபோன பேச்சு, குடித்துவிட்டு வீட்டில் கை ஓங்கிய இரவு. எல்லாம் அடியில்தான் கிடக்கின்றன.

இன்னொன்றும் என் மனதை வெகுவாக வருத்துகிறது. அந்தக் கறுப்புத் தண்ணீரை அள்ளி எங்கே ஊற்றுகிறோம்? சோப்புத்தூளைக் கரைத்து அடித்துத் துறைமுகத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். எண்ணெய்ப் படலம் மறைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீரோடு கலந்து நிற்கிறது. பல மீன்களின் முட்டையும் குஞ்சும் மேல்மட்டத்தில் மிதப்பவை. அந்த எண்ணெய்த் துளிகளும் அங்கே பரவுகின்றன. மீன் இனம் பெருகட்டும் என்று 61 நாள் அடுப்பெரியாமல் பொறுத்திருந்தோம். அதே நாள்களில் அந்தக் குஞ்சுகளின் தலையில் ஆயிலை ஊற்றலாமா? நம் கடலைக் கடந்து போகும் பெரிய கப்பல்களுக்கு உலகச் சட்டம் உண்டு. பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக்கூடாது. கப்பல்காரர் மீறினால் கொதிக்கிறோம். நாமும் அதே கடலின் பிள்ளைகள்தானே.

அதுபோலவே, மனதைச் சுத்தம் செய்கிறேன் என்று தன் கசப்பையெல்லாம் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் கொட்டுகிறவர்கள் உண்டு. அது மனமாற்றம் ஆகாது. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு என்ன செய்தார்? ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லாரும் கேட்கச் சொன்னார்.

ஆகவே, இந்த வாரம் முதலில் சேற்றைச் சுரண்டி எடுங்கள். மேலே மிதக்கும் ஆயிலைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி கேனில் பிழியுங்கள். அதற்குப் பிறகு தண்ணீரை இறைக்கலாம். கசிகிற மூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கழிவு ஆயிலைச் சேர்க்கக் கோயில் முற்றத்தில் பீப்பாய் வைத்திருக்கிறோம். அதை முறைப்படி சுத்திகரிப்பவர்களிடம் ஒப்படைப்போம்.

தாய்மாரே, இதை உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒல்லியான பையன்தானே, நுழைந்துவிடுவான் என்று யாரையும் தனியாகப் பள்ளத்துக்குள்ளோ மீன் அறைக்குள்ளோ அனுப்ப வேண்டாம். மீன் அறையில் அழுகிய தண்ணீரிலிருந்து எழும் வாயு ஆளைச் சட்டென்று மயக்கிக் கொன்றுவிடும். விழுந்தவரைத் தூக்கக் குதிப்பவரும் சேர்ந்தே சாவார். மூடிகளை வெகுநேரம் திறந்து வையுங்கள். பாட்டரி வயரைக் கழற்றுங்கள். பீடி வேண்டவே வேண்டாம். மேலே ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.

சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பேன். போட்டு வேலையிலிருந்து நேரே வருகிறவர்கள் தயங்க வேண்டாம். ஆயில் கையோடேயே வாருங்கள்.