தெளிவும் தூய்மையும்

பளிங்கு போலத் தெளிந்த தண்ணீரிலும் ஒரு ஜீவன் மூச்சுத் திணறிச் செத்துப்போக முடியும் என்பதை நான் ஒரு புதன்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தெளிவு, தூய்மை என்ற இரண்டு சொற்களையும் இருபது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒன்று கிடைக்காத இடத்தில் மற்றொன்றைப் போட்டு எழுதியதும் உண்டு. அவை இரண்டும் வேறு வேறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கட்டைவிரல் நீளமுள்ள ஒரு தங்க மீன்.

விஷயம் இதுதான். சென்ற வருஷம் என் மகளின் பிறந்த நாளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்க மீன்களும் வாங்கினேன். சென்னையில் வண்ண மீன் வாங்க வேண்டுமென்றால் கொளத்தூருக்குப் போக வேண்டும். கடைக்காரர் வயதானவர். தொட்டியோடு ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரையும் கட்டிக் கொடுத்தார். பெயரைக் கேட்டால் பெரிய யந்திரம் போலத் தோன்றும், பார்த்தால் ஒன்றுமில்லை. துளைகள் போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றி ஸ்பாஞ்சு. வெளியே இருக்கும் ஏர் மோட்டாரிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் வழியே காற்று உள்ளே வருகிறது. காற்றுக் குமிழிகள் குழாய்க்குள் மேலே ஏறும்போது தண்ணீரையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் ஸ்பாஞ்சின் வழியாக உள்ளே நுழைகிறது. வரும் வழியில் அழுக்கு ஸ்பாஞ்சில் தங்கிவிடுகிறது.

"ஸ்பாஞ்சை ரொம்பக் கழுவாதீங்க சார்" என்று சொல்லி அனுப்பினார் பெரியவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. கழுவ வேண்டாம் என்ற யோசனைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

தங்க மீன் ஓயாமல் தின்னும், ஓயாமல் கழியும். வயிறு என்று தனியே ஓர் உறுப்பு அதற்குக் கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. ஆகையால் இரண்டு மாதத்தில் ஸ்பாஞ்சின் மேல் பழுப்பாக ஒரு கொழகொழப்பு படர்ந்தது. தண்ணீரில் லேசான மஞ்சள் சாயல் தட்டியது. மீன்கள் என்னவோ உற்சாகமாகத்தான் இருந்தன.

அந்தச் சமயத்தில் என் மைத்துனியைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தார் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். சனிக்கிழமை வீடே அமர்க்களப்பட்டது. "ஏங்க, கூடத்துல நுழைஞ்சதும் கண்ணுல படறதே அந்தத் தொட்டிதான்" என்றாள் என் மனைவி. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களை உப்புப் போட்டுத் தேய்த்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தேன். காபி வண்டல் போல ஒழுகிற்று. அருவருப்புத் தாங்காமல் அதைக் கொதிக்கும் வெந்நீரிலும் ஒரு முறை போட்டு எடுத்தேன். புதுத் தண்ணீர் விட்டு, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தையும் மறக்காமல் கலந்தேன். என் சிரத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வந்தவர்கள் தொட்டியின் முன் நின்று வியந்தார்கள். "தண்ணி இருக்கறதே தெரியலியே! மீன் அந்தரத்துல மிதக்கற மாதிரின்னா இருக்கு!" என்றார் பிள்ளையின் தாயார். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் கை நிறைய அள்ளித் தீனி போட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதன்கிழமை காலையில் ஒன்று மல்லாந்து மிதந்தது. தண்ணீர் அப்போதும் தெளிவாக இருந்தது. "தண்ணி நல்லாத்தானே இருக்கு, அப்பா?" என்று கேட்டாள் என் மகள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினேன். பெரியவர் அதிலிருந்து கொஞ்சத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஏதோ மருந்தைச் சில சொட்டுகள் விட்டார். சிறிது நேரத்தில் நீர் கரும்பச்சையாக மாறியது. "அம்மோனியா சார். ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா?" என்றார். கழுவினேன் என்றேன். "வெந்நீர்லயா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தண்ணி பளபளன்னு இருந்தா நமக்கு நல்லா இருக்கும் சார். மீனு அதைக் கண்ணால பாக்கறதில்ல, செவுளால மூச்சு விடுது" என்றார் அவர்.

பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் தன் உடம்பின் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. அது மீனுக்கே விஷம். அதற்கு நிறம் கிடையாது. எவ்வளவு சேர்ந்தாலும் தண்ணீர் கலங்காது. ஸ்பாஞ்சின் கொழகொழப்பில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷந்தான், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தக் குடியிருப்பு உண்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதை அழிக்க எனக்கு ஒரு பாத்திரம் வெந்நீர் போதுமானதாக இருந்தது.

இந்த ரகசியம் மனிதனுக்குப் புலப்பட்ட வரலாறு ஒரு நாவலுக்குத் தகுந்தது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்து, தண்ணீரை மாற்றாமலே அவற்றை வாழ வைக்க முடியுமா என்று பார்த்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அவர் அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், தண்ணீர் நலமடைந்தது. இதை அவர் 1850-ல் விஞ்ஞானிகளின் சபைக்குத் தெரிவித்தார். நத்தையைத்தான் அவர் கண்டார். அதனினும் சிறியவர்களை அவர் காணவில்லை.

1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்மைச் செலுத்தியதும் வேலை நின்றுவிட்டது. அந்த வேலையைச் செய்தது மணல் அல்ல, மணலில் குடியேறிய உயிர்கள் என்பது அதனால் தெளிவாயிற்று. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, வேலை இரண்டு படிகளாக, இரண்டு வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையிலிருந்த மற்றொரு ராபர்ட் வாரிங்டன். தங்க மீன் வளர்த்தவரின் மகன்! தகப்பனின் தொட்டியில் இருந்த புதிருக்கு மகன் வயல் மண்ணில் விடை தேடினார். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பெருமை மட்டும் 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யருக்குக் கிடைத்தது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனால் சனிக்கிழமையன்று அத்தனை பாடுபட்டேனே, அது யாருக்காக? மீனுக்காக என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மீன்கள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. கூடத்தில் வந்து நிற்கப்போகிறவர்களுக்காகச் செய்தேன். தெளிவு என்பது கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனின் தேவை. தூய்மை என்பது உள்ளே வாழ்கிறவனின் தேவை. நான் முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதைக் கொடுத்ததாக எண்ணிக்கொண்டேன். இத்தாலியில் மோன்ஸா என்ற நகரத்தில் 2004-ல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் வளர்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். மறு வருஷம் ரோமாபுரியும் அப்படியே செய்தது. கேலி செய்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நகரசபை ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறது.

நமது குடும்பங்களிலும் இந்தக் கண்ணாடி உண்டு. என் சித்தி ஒருத்தியைக் கும்பகோணத்தில் பெரிய இடத்தில் கொடுத்திருந்தார்கள். "அந்த வீட்டில் இன்றுவரை ஒரு குரல் உயர்ந்ததில்லை" என்று ஊரே பேசும். போகிறவர்கள் எல்லாரும் அந்த அமைதியைப் புகழ்ந்துவிட்டு வருவார்கள். சித்தி வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்கள் வீடு சந்தைக்கடை. அம்மாவும் பாட்டியும் காலையில் சண்டை போட்டுவிட்டு மத்தியானம் ஒரே முறத்தில் அரிசி புடைப்பார்கள். சித்தி அடுப்படியில் உட்கார்ந்து, வந்த முதல் நாள் முழுவதும் அழுவாள். ஏன் என்று சொல்ல மாட்டாள். அறுபது வயதுக்கு மேல் ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "அந்த வீட்டுல என்னோட சண்டை போடக்கூட ஒருத்தரும் இல்லடா." வருத்தத்தைச் சொல்லவும், கேட்டுக் கரைக்கவும் ஒரு மூலை வேண்டும். அந்த மூலை அழகாக இராது. அழுகையும் புலம்பலும் படிந்து கொழகொழவென்றுதான் இருக்கும். கௌரவம் கருதி அதைச் சுரண்டி எடுத்துவிட்ட வீட்டில் விஷம் நிறமில்லாமல் சேருகிறது.

இங்கே ஒரு கெட்ட உவமை காத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. "அழுக்கில் இருந்து அழுக்கை நீக்க ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது, பார்த்தீரா? இயற்கையே அப்படித்தான்" என்று யாராவது என் ஸ்பாஞ்சை எடுத்துக்காட்டிப் பேசக்கூடும். நம் தேசத்தில் அப்படிப் பேசுவதற்கு நீண்ட பழக்கம் உண்டு. நுண்ணுயிருக்கு அம்மோனியா உணவு. அதைக் கொண்டே அது பிழைக்கிறது. சாக்கடைக் குழிக்குள் இறங்கும் மனிதனுக்கு அங்கிருக்கும் வாயு உணவு அல்ல, சாவு. அளவு மிஞ்சினால் அந்த வாயு மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுத்து 1993-ல் ஒரு சட்டமும், 2013-ல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் வந்தன. குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகையை உயர்த்தவேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. நம்முடைய தெருக்கள் பார்க்கிறவனுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கிறவன் திணறுகிறான். அந்த மனிதனை ஸ்பாஞ்சோடு ஒப்பிடுவது பாவம். என் தொட்டியில் அவனுக்கு நிகரானது மிதந்த மீன்.

அப்படியானால் அழுக்கே நல்லது, எதையும் கழுவாதே என்கிறேனா? இல்லை. ஸ்பாஞ்சைக் கழுவாமலே விட்டால் அது அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஓட்டமே நின்று, அந்த நுண்ணுயிர்களும் மூச்சில்லாமல் சாகும். நைட்ரேட்டை நீக்க ஸ்பாஞ்சால் ஆகாது. வாரத்துக்கொரு முறை கால் பங்குத் தண்ணீரை நாம்தான் எடுத்துவிட்டுப் புதிது விட வேண்டும். பெரியவர் சொல்லிக் கொடுத்த முறை இது: அப்படி எடுத்த பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை அதிலேயே இரண்டு மூன்று தடவை மெதுவாகப் பிழிந்துவிட வேண்டும். கசடு போகும், உயிர் தங்கும். சீர்திருத்தம் செய்யப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் இந்த வாளியருகே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். எதைக் கழுவுகிறோமோ அதற்குப் பழக்கமான தண்ணீரிலேயே கழுவ வேண்டும் என்பது சிறிய யோசனைதான். நான் அதைக் கற்க ஓர் உயிரை விலையாகக் கொடுத்தேன்.

மிஞ்சிய மீன் பிழைத்துக்கொண்டது. பல நாள் தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்து, அந்த ஸ்பாஞ்சில் மறுபடி குடியேற்றம் நடக்கும்வரை காத்திருந்தோம். என் மைத்துனிக்கு அந்த இடம் கூடி வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். இப்போது தொட்டித் தண்ணீரில் பழையபடி லேசான மஞ்சள் சாயல் இருக்கிறது. வருகிறவர்களில் சிலர், "தண்ணி மாத்தக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாளியருகே உட்காரும்போது இன்னமும் என் கை தானாகவே குழாயை நோக்கிப் போகிறது. பக்கத்தில் மகள் இருந்தால், "அப்பா!" என்று அதட்டுகிறாள். அவள் இல்லாத நாட்களில் நானேதான் என் கையை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.